டிவியில் தெரிந்த பச்சை ஒட்டு

எனக்குப் பாம்பு பயம் கிடையாது. ஏரிக்கரைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். வீட்டுக்குள் வந்த சாரைப்பாம்பைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டிருக்கிறேன். இடி, இருட்டு, சுடுகாட்டுப் பாதை, எதற்கும் அசைந்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒரு மழைக்காலம் முழுக்க, டிபன் டப்பா அளவில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தேன். டிவிக்குக் கீழே அது உட்கார்ந்திருக்கும். முகத்தில் ஒரு நீல விளக்கு. அந்த விளக்கு எரிந்தால் நான் கூடத்துக்கே வர மாட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அம்மா சொன்னாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அரண்டது நான்.

பெட்டியை வாங்கி வந்தவன் என் அண்ணன். எங்கள் ஊர் மீஞ்சூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். எங்கள் வீட்டு உள் அறையில் அவனுடைய கம்ப்யூட்டர் ஒன்று மூடியே இல்லாமல் குடலைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதில் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் அந்த அறைக்குள் ஒருவர் தோள்மேல் ஒருவராக நின்று பார்க்க வேண்டும். இந்தப் பெட்டி வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு நீளமான ஒயர் கதவு நிலைமேல் ஏறி, மாவிலைத் தோரணம் கட்டும் ஆணியைச் சுற்றிக்கொண்டு, கூடத்துக்கு வந்து பெட்டிக்குள் நுழைந்தது. பெட்டியிலிருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று ஒயர்கள் டிவிக்குப் போயின. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறதோ அது கூடத்து டிவியில் தெரியும். மீடியா பிளேயர் என்றான் அண்ணன். அதற்கென்று தனி ரிமோட் வேறு. அம்மா அதை ஒரு வாரம் தொடவில்லை.

அப்போது நான் ஏழு மாதம். சீமந்தம் முடிந்து தாய் வீட்டுக்கு வந்திருந்தேன். மாமியார் வீடு கும்மிடிப்பூண்டியில். கணவர் அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை செய்தார். பழைய இரும்பை உருக்கிக் கட்டியாக்குகிற கம்பெனி. பெண் பார்க்க வந்தபோது ஸ்டோர்ஸில் வேலை என்றார்கள். போல்ட்டும் கையுறையும் எண்ணிக் கொடுக்கிற வேலை, நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அன்றைக்கு அவர் சட்டைப் பையில் ஒரு பேனா இருந்தது. எனக்கு அந்தப் பேனா பிடித்திருந்தது.

கல்யாணமான பிறகு அவருடைய வேலைச் சட்டைகளைத் துவைத்தவள் நான். ஒவ்வொன்றிலும் கொத்தமல்லி விதை அளவில் ஓட்டைகள். ஓட்டையின் ஓரம் கறுத்துக் கெட்டியாக இருக்கும். கேட்டால், ஸ்டோர்ஸ் பக்கத்தில் வெல்டிங் நடக்கிறது, பொறி பறக்கிறது என்பார். நம்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். என் தட்டில் மறைந்திருந்தது, நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சட்டையின் வலது கையில் ஓட்டை பெரிதாகிவிட்டது. என்னிடம் மிச்சமிருந்த கிளிப்பச்சை ரவிக்கைத் துணியை வெட்டி அதன்மேல் ஒட்டுப் போட்டேன். எனக்குத் தையல் வராது. ஒட்டின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. இது ஒட்டா, கட்சிக் கொடியா, பறக்குதே என்று கேலி செய்தார். பிடித்தால் போடு, இல்லையென்றால் வெற்றுடம்போடு போ என்றேன். போட்டுக்கொண்டுதான் போனார்.

சீமந்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் அந்த ஒட்டு பாதி பிய்ந்து தொங்க, சட்டையைக் கொண்டுவந்து போட்டார். உன் தையல் லட்சணம் பார் என்றார். எனக்குக் கோபம் வந்தால் கை தானாக வேலை செய்யும். நூலை இரட்டையாகக் கோத்து, சுற்றிலும் இரண்டு வரி ஓட்டி, யானை இழுத்தாலும் வராது போ என்று தைத்துக் கொடுத்தேன். எப்படிப் பிய்ந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சீமந்தத்தன்று ஐப்பசி மழை கொட்டியது. வீடியோ எடுக்க வருவதாகச் சொன்னவர் வரவில்லை. என் கணவரே தன் செல்போனில் எடுத்தார். வளையல் அடுக்குவது, சந்தனம் பூசுவது, சாப்பாட்டுப் பந்தி எல்லாம் அந்தச் சின்ன போனுக்குள் இருந்தன. அடுத்த முறை என்னைப் பார்க்க வந்தபோது போனிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். செல்போன் படத்தை அந்தப் பெட்டி அப்படியே ஏற்றுக்கொள்ளாது, வேறு மாதிரி மாற்றித்தான் போட வேண்டும் என்றான் அண்ணன். கார்டில் எது சீமந்தம், எது வேறு என்று பிரிக்கச் சோம்பேறித்தனம். மொத்தக் கார்டையும் மாற்றும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் கூடினோம். அத்தை, அதாவது என் மாமியார், முறுக்கு எடுத்துக்கொண்டு ரயிலில் வந்திருந்தார். தெருப் பெண்கள் நாலைந்து பேர் பாயில் உட்கார்ந்தார்கள். என் கணவருக்கு அன்று பகல் ஷிப்ட். முடித்துவிட்டு சாயங்கால ரயிலில் வருவதாக இருந்தது. அண்ணன் ரிமோட்டை அழுத்தினான். டிவியில் நான் வந்தேன். கை நிறைய வளையல், முகம் நிறையச் சந்தனம். யார் எத்தனை வாழைப்பழம் எடுத்தார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பந்தி முடிந்தது. படமும் முடிந்தது. எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றினேன். அந்தப் பெட்டிக்கு ஒரு குணம்: ஒன்று முடிந்தால் யாரையும் கேட்காமல் அடுத்ததைப் போட்டுவிடும்.

திரை முழுக்க ஆரஞ்சு நிறம். தூரத்தில் மாவு மிஷின் ஓடுவது போல ஓர் இரைச்சல். படம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. பிறகு புரிந்தது, அது ஒரு பெரிய குழி, குழிக்குள் கொதிக்கிற இரும்பு. பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி நிறைய இரும்புக் கழிவு. முகமெல்லாம் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய ஒரு ஆள், வண்டியிலிருந்து இரும்பை எடுத்து எடுத்து அந்தக் குழிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். குழி வாயில் நிற்கிறார். அவ்வளவு கிட்டத்தில். முகம் தெரியவில்லை. எல்லாம் சாம்பல் நிறம், புகை நிறம். அதற்கு நடுவில், வலது கையில், ஒரு கிளிப்பச்சைப் பொட்டு.

வேறு யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அந்த நேரம் குழிக்குள்ளிருந்து வெடித்தது. திரை ஒரே வெள்ளையாக ஆனது. அதே நொடி டிவி அணைந்தது. மின்விசிறி நின்றது. மின்வெட்டு ஊருக்கு ஊர் நேரம் வைத்து வந்துகொண்டிருந்த வருடம் அது. அந்த நேரம் பார்த்து வந்தது.

அந்த ஆள் விழுந்தாரா நின்றாரா என்று நான் பார்க்கவில்லை. அவர் அதற்குப் பிறகும் என்னை வந்து பார்த்திருக்கிறார், சீமந்தத்தில் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார், கார்டைத் தன் கையால் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? என் வயிற்றுக்குள் குழந்தை புரண்டது. வயிற்றுப் பிள்ளைக்காரி இதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று அம்மா முந்தானையால் என் கண்ணை மூடினாள். நான் அந்த முந்தானையைத் தள்ளிவிட்டு அத்தையைப் பார்த்தேன். எல்லாரும் என்ன படம் இது என்று அண்ணனைக் கேட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் எதுவும் கேட்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்கிட்ட சொல்லாதம்மான்னு அவந்தான் என்கிட்ட சத்தியம் வாங்கினான், பாப்பா," என்றார். "இத்தினி வருசமா நானும் வவுத்துல நெருப்பக் கட்டிக்கினுதான் கீறேன்."

கணவர் போனுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தது. இந்த வீடியோ போன் போனாகப் பரவியதிலிருந்து கம்பெனியில் எல்லார் போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று அத்தை சொன்னார். அப்படியென்றால் இந்த நிமிடமும் அவர் அங்கே நிற்கிறார். நான் முறுக்குத் தின்ற நேரத்திலும் அங்கே நின்றுகொண்டிருந்திருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து ரயில் சத்தம் கேட்கும். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு ரயில் வந்து போனது. அவர் வரவில்லை. அடுத்த ரயிலுக்குள் அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்து, அதையும் வாந்தி எடுத்தேன். அந்த ரயிலில் வந்தார். தலை வாரி, சோப்பு வாசனையோடு, கையில் எனக்குப் பிடித்த பக்கோடா. முழு ஆளாக வாசலில் நின்றவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது.

"யோவ், ஸ்டோர்ஸ்ல இன்னாயா எண்ற நீ? நெருப்பையா எண்ற?"

அதுவரை அவரை நான் யோவ் என்று கூப்பிட்டதில்லை. அம்மா திகைத்துப் போனாள். அவர் பக்கோடாப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, பர்னஸ் ஆள், உலை முன்னால் நிற்கிறவன் என்று சொல்லியிருந்தால் உங்கள் வீட்டில் பெண் கொடுத்திருப்பார்களா என்று மெதுவாகக் கேட்டார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். அவர் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருந்தார். நடந்தது என்ன என்று அன்று முழுதாகச் சொன்னார். வருகிற பழைய இரும்பில் இரண்டு பக்கமும் மூடிய குழாயும் டப்பாவும் கலந்து வரும். மூடின பீஸ் என்பார்கள். மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் நின்றிருக்கும். பிரித்து வெட்டாமல் அதை உருகிய இரும்பில் போட்டால் வெடிக்கும். சீமந்தத்துக்கு முந்தின வாரம் அப்படி ஒன்று வெடித்தது. கூட வேலை செய்தவர் வேறு எதற்கோ படம் பிடித்துக்கொண்டிருந்தார், அது அதில் விழுந்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று எல்லாரும் சிரித்தார்களாம்.

நான் போக வேண்டாம் என்றேன். அவர் பயப்படாதே என்றார். அதற்கு ஒரு காரணமும் சொன்னார்.

"நான் பாத்துட்டம்மே. அது மூடின பீஸுன்னு என் கண்ணுக்குத் தெரிஞ்சிச்சு. அதான் பின்னால வந்தேன். எனுக்கு ஒண்ணும் ஆவாது."

சூப்பர்வைசரே எல்லார் முன்னாலும் அதைத்தான் சொன்னாராம். இவன் கண்ணைப் பாருங்கடா, ஒரு நொடி முன்னால் கண்டுபிடித்தான் என்று. அதனால் இனிமேல் குழி வாயில் இவர்தான் நிற்க வேண்டும் என்று நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கண் இருக்கிறது, அது காப்பாற்றும் என்று அவர் சொல்லும்போது நம்பத்தான் தோன்றியது. நம்பாவிட்டால் நான் எப்படித் தூங்குவது? ஒன்று மட்டும் அடித்துச் சொன்னேன்: நான் இங்கே இருக்கும்வரை அவரும் இங்கேயே இருந்து வேலைக்குப் போய்வர வேண்டும், தினமும் முழு ஆளாக வந்து என் கண் முன்னால் நிற்க வேண்டும். வீட்டோடு மாப்பிள்ளை என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்ய, சட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

காலையில் அவர் போகிற ரயில் கூவும்போது ஆரம்பிக்கும் பயம், சாயங்காலம் செருப்புச் சத்தம் கேட்டால்தான் அடங்கும். மழை பெய்தால் எனக்கு உயிர் போகும். கூரை இல்லாத இடத்தில் குவித்து வைத்த குழாய்களுக்குள் தண்ணீர் இறங்குவதாக நினைத்துக்கொள்வேன். அண்ணன் அந்தப் படத்தை அழித்துவிட்டதாகச் சொன்னான். ஆனாலும் அந்த நீல விளக்கு எரிந்தால் அடுத்ததாக எது வரும் என்று யார் கண்டது? நான் சமையலறையிலேயே இருந்தேன்.

அண்ணன் அழிக்கவில்லை. அவருக்கு வார விடுமுறை வந்த ஒரு நாள். அம்மா கேன்டீன் வேலைக்கும் அண்ணன் கடைக்கும் போயிருந்தார்கள். நான் உள்ளே படுத்திருந்தேன். கூடத்திலிருந்து அந்த மாவு மிஷின் இரைச்சல் கேட்டது. எழுந்து வந்தால், அவர் டிவி முன்னால் ரிமோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். ரிமோட்டைப் பிடுங்கி வீசத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன்.

"இரும்மே. எல்லாரும் நான் பாத்தன்னு சொல்றாங்கோ. நானும் உன்கிட்ட சொல்லிக்கினு கீறேன். ஆனா பாத்தனா இல்லியான்னு எனுக்கே நெனப்பு இல்ல."

செல்போன் திரை கட்டைவிரல் அகலம். அதில் எத்தனை தடவை பார்த்தும் தெரியவில்லையாம். இந்தப் பெட்டியின் ரிமோட்டில், படத்தை மெதுவாக ஓட்டுகிற பொத்தான் ஒன்று இருந்தது. அண்ணனிடம் கேட்டு வைத்திருக்கிறார். அதை அழுத்தினார். இரைச்சல் நின்றுபோனது. திரையில் அவர் ஆமை மாதிரி நகர்ந்தார். வண்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். குழிக்குள் போட்டார். அடுத்ததற்குத் திரும்பி, மறுபடி குழிப் பக்கம் சாய்ந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தச் சாம்பல் கூட்டத்தில் பார்க்கத் தெரிந்தது ஒன்றுதான். ஆள் முன்னால் போனார். பச்சைப் பொட்டு போகவில்லை. வண்டியின் ஓரத்தில் நின்றுவிட்டது.

மறுபடி போடச் சொன்னேன். பச்சையை மட்டும் பார் என்றேன். போட்டார். தூக்கிக்கொண்டு நின்ற ஒட்டின் ஓரம் வண்டியின் உடைந்த கம்பியில் மாட்டியிருந்தது. கை பின்னால் இழுபட, யாரடா இழுப்பது என்பது போல அவர் உடம்பு திரும்பியது. முகமும் திரும்பியது. திரும்பிய முதுகுக்குப் பின்னால் வெள்ளை எழும்பியது. அவர் எந்த பீஸையும் பார்க்கவில்லை. எதையும் கண்டுபிடிக்கவில்லை. என் கோணல் தையலைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறார்.

இன்னொரு தடவை போட்டார். அப்புறம் நிறுத்தினார். ரிமோட்டைத் தரையில் வைக்கும்போது அது டக்கென்று சத்தம் போட்டது. அத்தனை நாள் எனக்குத் தைரியம் சொன்ன மனிதர் அதற்கப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருந்தது.

மறுநாள் காலை டிபன் டப்பாவைக் கட்டி வைத்தேன். அவர் பனியனோடு வந்து, அந்தச் சட்டையை என்னிடம் நீட்டினார். ஒட்டு சுற்றிலும் இரட்டை நூலில் இறுகிக் கிடந்தது. யானை இழுத்தாலும் வராது.

"இந்த நூலக் கொஞ்சம் பிரிச்சு உடறியாம்மே? முன்ன மாதிரி தொங்கட்டும்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு தையலை வெட்டினேன். அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குப் பின்னால் இழுத்த கம்பி, இன்றைக்குக் குழியோரமாகப் பிடித்து நிறுத்தினால்? ஓட வேண்டிய நேரத்தில் மாட்டிக்கொண்டால்? இறுக்கித் தைத்தாலும் பயம், பிரித்து விட்டாலும் பயம். ஒரு துண்டு ரவிக்கைத் துணியில் ஒரு மனிதனின் உயிரை எப்படித் தைப்பது? சட்டையைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். தண்ணீர் நிறைந்திருந்த அண்டாவில் போட்டு முக்கினேன். உள்ளே வந்து கொடியில் இருந்த மற்ற சட்டைகளை எல்லாம் உருவினேன், பையில் மடித்து வைத்திருந்ததையும் எடுத்தேன், அண்ணனின் சட்டைகளையும் விடவில்லை. எல்லாவற்றையும் முக்கிவிட்டு, எட்டு மாதத்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு அண்டாவின் முன்னால் நின்றேன். பிடித்தால் போடு, இல்லையென்றால் வெற்றுடம்போடு போ என்று சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது.

அவர் திட்டவில்லை. அவர் போக வேண்டிய ரயில் கூவிக்கொண்டு கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனது. பிறகு அவர் தரையில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்து, பாதியை மூடியில் வைத்து எனக்குத் தள்ளினார். அந்த வேலைக்கு அவர் மறுபடி போகவில்லை. பிள்ளை பிறக்கும்போது மீஞ்சூரிலேயே லாரி எடைமேடை ஒன்றில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் நிஜமாகவே ஒரு பேனா.

குழி வாயில் அவர் நின்ற இடத்தில் அடுத்த நாளே வேறு ஒருவரை நிறுத்திவிட்டார்களாம். யார் என்று நான் கேட்டதில்லை. இன்றைக்கும் மழை பிடித்துக்கொண்டால், அந்த ஆளுக்குச் சட்டை தைக்கிறவள் யாரோ என்று நினைத்துக்கொள்வேன்.